மவுஸின் அடியில் ஒரு பொட்டு

எங்கள் ஆபீஸில் வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "எனக்கு நல்லாத்தான் வேலை செய்யுது." வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பக்கம் ஒருவர் மவுஸ் ஓடவில்லை, திரை பாதி கறுப்பாக இருக்கிறது என்று தவித்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கத்திலிருந்து நமக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னால், நீ பொய் சொல்கிறாய் என்று சொன்னதாகத்தான் அவருக்குப் படும். ஆகவே புகாரைப் பதியும் டிக்கெட்டில் "பிரச்சினை எங்கள் பக்கம் வரவில்லை" என்று மரியாதையாக எழுதிவிட்டு, மேற்கொண்டு விவரம் கேட்க வேண்டும். பல வருடங்களாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மனைவியிடம் மட்டும் அந்தத் தடை செய்யப்பட்ட வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு தடவை என்றால் மன்னித்துவிடலாம். மூன்று மாதம் அதையே சொன்னேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் விடியற்காலை ஷிப்ட். ஆஸ்திரேலியாக்காரர்கள் காபி குடித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது நாங்கள் ஹெட்செட்டோடு தயாராக இருக்க வேண்டும். அவர்கள் பயன்படுத்துவது விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம். அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை மென்பொருளாகவே ஓடவிடுவது. வெளியே இருப்பது புதியதாக இருக்கலாம், உள்ளே ஒரு ஜன்னலுக்குள் ஓடுவது பழையதாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் சேர்த்துத் திரை ஒன்றுதான், மவுஸ் ஒன்றுதான். கூட்டுக் குடித்தனத்தில் ஒரே ஒரு குளியலறை இருப்பது மாதிரி, தகராறு எல்லாம் திரையிலும் மவுஸிலும்தான் வரும். அந்தத் தகராறைத் தீர்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மனைவி ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அவள் ஐ.டி.ஐ.யில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்துவிட்டு, எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தாள். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வரைந்துகொடுக்கத் தொடங்கினாள். அவள் வரைவது ஃபிக்சர்கள். துளை போடும்போதும் சீவும்போதும் இரும்புத் துண்டு இம்மி அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டங்கள். அவளுடைய டிராயிங் போனால், அவளுக்கு வேலை கொடுக்கும் பட்டறையில் மறுபடி சரிபார்க்க மாட்டார்கள், நேராகத் துளைபோடும் மெஷினுக்குப் போய்விடும். இதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு இருந்த பெருமை, நான் என்னவோ பெரிய ஐ.டி. கம்பெனியில் இருக்கிறேன் என்று என் அம்மா எங்கள் ஊர் வெள்ளானூர் முழுக்கச் சொல்லிக்கொண்ட பெருமையைவிடப் பெரியது. அவளுடையதில் நியாயமும் இருந்தது.

அவள் பயன்படுத்திய வரைபட மென்பொருள் மிகப் பழையது. புதிய கம்ப்யூட்டர்களில் ஓடாது. மாற்றிவிடலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருடம் வரைந்து சேர்த்த கிளாம்ப், பின், புஷ் என்று ஃபிக்சரின் பாகங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன, புதிதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய நீங்கள் வருவீர்களா என்றாள். போன கோடையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் கிளம்பவே மறுத்துவிட்டது. புது லேப்டாப் வாங்கினோம், மவுஸ் மட்டும் பழையதே. அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினை உண்டாக்கி, பழைய சிஸ்டத்தை அப்படியே உள்ளே உட்காரவைத்தேன். என் தொழிலை என் வீட்டுக்கே செய்துகொடுக்கக் கிடைத்த சந்தர்ப்பம் என்று எனக்கு ஒரே குஷி.

முதலில் வந்த கோளாறுகள் எல்லாம் எனக்குத் தெரிந்த கோளாறுகள். பெரிய திரைக்கு நடுவில் அஞ்சலட்டை அளவுக்குப் படம், சுற்றிலும் கறுப்பு. அதற்குரிய டிரைவர் மென்பொருளைப் போட்டதும் படம் திரை முழுக்க விரிந்தது. அடுத்து, கர்சர் அந்த ஜன்னலுக்குள் நுழைந்தால் வெளியே வர மறுத்தது.

"உள்ள போனா வெளிய வர முடியல. உங்க அம்மா வீடு மாதிரியே கீது" என்றாள். 'கீது' என்று என் பேச்சைப் பழித்துக்காட்டுவது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பொழுதுபோக்கு. கீபோர்டில் வலது பக்கம் இருக்கும் கன்ட்ரோல் பொத்தானை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம் என்று காட்டிக்கொடுத்தேன். உங்கள் அம்மா வீட்டில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தவனிடம், கர்சர் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது என்றாள். நான் செருப்பைக்கூட சரியாகக் கழற்றாமல் போய் மவுஸைப் பிடித்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது, சொன்ன இடத்தில் நின்றது.

"எனக்கு நல்லாத்தான கீது."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். தட்டு வைத்த சத்தத்தில் பதில் இருந்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்தேன். உள்ளே இருக்கும் சிஸ்டத்துக்கும் வெளியே இருக்கும் சிஸ்டத்துக்கும் திரையின் அளவு பொருந்தாவிட்டால், கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று, க்ளிக் விழும் இடம் வேறாகப் போகும். அதைச் சரிசெய்தேன். மவுஸை நேரடியாக உள்ளே கொடுத்துப் பார்த்தேன், பொதுவாக வைத்துப் பார்த்தேன். கோடுகள் மினுமினுத்தன என்று, படத்தை வேகப்படுத்தும் வசதியை நிறுத்தினேன். நினைவகத்தைக் கூட்டினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவள் உட்கார்ந்து நாலு வட்டம் போட்டுப் பார்ப்பாள். பிறகு இல்லை என்று தலையசைப்பாள். எனக்குக் கோபம் வரத் தொடங்கியது. அவள்மேல் அல்ல என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் அவள்மேல்தான். பெயர் தெரியாத ஆஸ்திரேலியாக்காரனிடம் தேன் ஒழுகப் பேசும் வாய், வீட்டில் "நீ அவசரப்பட்டு க்ளிக் பண்ற" என்று சொன்னது. இத்தனை வருடம் அவசரப்படாதவள் இப்போது ஏன் அவசரப்படப் போகிறாள் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

ஒருநாள் தற்செயலாக மவுஸைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் வெளிச்சம் வரும் ஓட்டையின் ஓரமெல்லாம் குங்குமம்!

எஸ்டேட்டில் ஆயுத பூஜைக்கு லேத்திலிருந்து ஸ்பேனர்வரை பொட்டு வைக்காத பொருள் இருக்காது. அன்று ஒன்றையும் தொடக் கூடாது, மறுநாள்தான் ஓட்டுவார்கள். அந்தப் பழக்கம் அவளுக்கும் உண்டு. லேப்டாப்பின் மூடிமேல் சந்தனம், குங்குமம். மவுஸுக்கு மட்டும் அடியில். மேலே வைத்தால் மறுநாளே கைபட்டு அழிந்துபோகும், அடியில் வைத்தால் வருடம் முழுக்க நிற்கும் என்பது அவள் கணக்கு. அந்தப் பொட்டு ஓட்டையின்மேல் ஏறி, மவுஸின் கண்ணைப் பாதி மறைத்திருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். சாமி மவுஸுக்குக் கண்ணைத் திறக்காமல் மூடிவிட்டது என்று கிண்டல் செய்தேன். ஆபீஸில் பக்கத்து சீட் நண்பனுக்கு உடனே வாட்சப்பில் படம் அனுப்பினேன். அவன் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளாக அனுப்பினான். அவளும் சிரித்தாள். ஆனால் சிவந்துபோன அந்தப் பஞ்சுக்குச்சியைக் குப்பையில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அதை அன்று பார்த்தேன். பார்த்ததோடு சரி.

நாலைந்து நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நான் அதை மனசுக்குள் மூடிவிட்டேன்.

அப்புறம் பட்டறைக்காரர் போன் செய்தார். அவளுக்கு இல்லை, எனக்கு. அவள் எஸ்டேட் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் அவர் அங்கே மெஷின் ஆபரேட்டராக இருந்தவர். பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்து, அவளுக்கு இன்றுவரை வேலை கொடுத்துக்கொண்டிருப்பவர். ஒரு பிளேட்டில் இரண்டு துளைகள் தள்ளிப்போய்விட்டன, பிளேட் குப்பைக்குப் போய்விட்டது என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா டிராயிங்னா நான் கண்ண மூடிகினு துளை போட்டுருவேன், அண்ணாத்தே. இன்னா ஆச்சு அக்காவுக்கு?"

புது லேப்டாப், மவுஸ் பிரச்சினை என்றேன். சீக்கிரம் சரி பண்ணுங்கள், அதுவரை சின்னச் சின்ன வேலை மட்டும் அனுப்புகிறேன், பெரியதை வேறு ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கிறேன் என்றார். அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னேன். அவள் அந்த டிராயிங்கைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மென்பொருளில் ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுக்க அதன்மேல் க்ளிக் செய்ய வேண்டும். க்ளிக் செய்யும் நேரத்தில் மவுஸ் துளி நகர்ந்தாலும், வட்டத்தை இழுத்து நகர்த்துகிறோம் என்று அது எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு வட்டங்களும் அப்படித்தான் நகர்ந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத அளவு. இரும்புக்குத் தெரியும் அளவு.

"இந்த வேலையும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. திரையைப் பார்த்துக் கேட்டாள்.

அன்றைக்கே ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் வேறு மவுஸ் வாங்கினேன், வயர் வைத்தது. இரண்டு நாள் கழித்து வயர் இல்லாதது. மவுஸுக்கு அடியில் போடும் அட்டை. ஆபீஸ் நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பதை நிறுத்திவிட்டு அவன் ஒரு யோசனை சொன்னான்: "மச்சான், வி.எம்.ம உட்ரு. வெளிய இருந்தே மவுஸு இன்னா அனுப்புதுன்னு ரெக்கார்ட் பண்ணிப் பாரு."

நல்ல யோசனை. எனக்கே தோன்றியிருக்க வேண்டும். மவுஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பதை எண்களாக எழுதிக்கொண்டே போகும் சின்ன புரோகிராம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தோம். முதலில் நான் மவுஸின்மேல் கையை வைத்துச் சும்மா இருந்தேன். திரையில் ஒன்றும் ஓடவில்லை. அடுத்து அவளை வைக்கச் சொன்னேன். நகர்த்த வேண்டாம், கையைச் சும்மா வை, பத்து எண்ணு என்றேன்.

அவள் எண்ணத் தொடங்கும் முன்பே எண்கள் ஓடத் தொடங்கின. இடது ஒன்று, வலது ஒன்று. இடது இரண்டு, வலது ஒன்று. சொல்லிவைத்தாற்போல ஒரே இடைவெளியில் வந்துகொண்டே இருந்தன. அவள் பத்துவரை எண்ணிவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த எண்களை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் வயதான ஒருவர், கர்சர் ஆடுகிறது என்று அழைத்திருந்தார். வழக்கம்போலப் பதிவு செய்தபோது இதே போல வந்தது. நான் கேட்பதற்கு முன்பே, மெஷினில் ஒன்றுமில்லை தம்பி, ஆடுவது என் கைதான், கர்சரை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கிக் கொடு என்று அவரே சொன்னார். வேகத்தைக் குறைத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் டிக்கெட்டை மூடினேன். காரணம் என்ற கட்டத்தில் "பயனர் தரப்பு" என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

"செட்டிங்ல ஒண்ணு தப்பா கீது" என்று அவளிடம் சொன்னேன். கர்சரின் வேகத்தைக் குறைத்தேன். க்ளிக் செய்தவுடனே வட்டம் நகராதபடி ஒரு தாமதம் வைத்தேன். அவள் நாலு வட்டம் போட்டாள். பரவாயில்லையே என்றாள். சரி பண்ணிவிட்டீர்களே என்றாள். நான் மொட்டை மாடிக்குப் போய், காயாத துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றேன். கோழை என்றால் நான்தான். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம். சொல்லாவிட்டால் மட்டும் என்ன, பொய்யாகிவிடுமா?

அடுத்த பத்து நாளும் நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். க்ளிக் செய்யும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். காபி டம்ளரைப் பாதிக்குமேல் நிரப்புவதில்லை. மகளின் துப்பட்டாவுக்கு ஊக்கு குத்துவது அவள் வேலை, இப்போது மகளே குத்திக்கொள்கிறாள். எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் திரைக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தபோது, மூன்று மவுஸ்களும் மேசையில் வரிசையாக இருந்தன. அவள் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வயர் வச்சதுலயும் ஆடுது, வயர் இல்லாததுலயும் ஆடுது" என்றாள். "போதும், விட்ருங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் பழைய மவுஸை எடுத்துப் புரட்டினாள்.

"வருஷா வருஷம் இந்த ஓட்டைக்குப் பக்கத்துலதான் பொட்டு வைப்பேன். ஓட்டை மேல வைக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? இந்த வருஷம் விரல் நிக்கல. இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அன்னைக்கே தெரியும் எனக்கு."

நான் கிண்டல் செய்தது, படம் எடுத்து அனுப்பியது, பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சுத்தமாக்கியது எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த காரணம் அந்தப் பொட்டிலேயே இருந்திருக்கிறது. நான்தான் அதை அழித்திருக்கிறேன்.

பிறகு ஏன் மவுஸ், மவுஸ் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"மவுஸா இருந்தா நீங்க சரி பண்ணிடுவீங்கள்ல" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்க்கப் புதன்கிழமைக்கு டோக்கன் சொல்லிவைத்திருக்கிறேன், நீங்கள் லீவு போட வேண்டும் என்றாள். பட்டறைக்காரரிடமும் அவளே பேசியிருந்தாள். கையில் கொஞ்சம் பிரச்சினை என்று சொன்னாளாம். ஏற்கெனவே கொடுத்திருக்கும் அந்தச் சின்ன டிராயிங்கை முடித்து அனுப்புங்கள் அக்கா, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றாராம். அப்புறம் என்றால் எப்போது என்று அவளும் கேட்கவில்லை.

அந்த டிராயிங்கில் நாலு துளைகள் பாக்கி இருந்தன. நீங்கள் உட்காருங்கள் என்றாள். ஆபீஸில் தூரத்திலிருந்து வாடிக்கையாளர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் நகர்த்துவோம், அப்படித்தான் இதுவும் என்று நானும் உட்கார்ந்தேன். இடது, இன்னும் இடது, அந்தக் கோட்டின் நுனியை முதலில் தொடுங்கள், இல்லை, அது இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆடாத கை என்னுடையது, ஆனால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் துளைக்கே கால்மணி நேரம் ஆனது. நுனி எது, நடு எது என்று நான் விழித்தேன். பொறுமை போய், எழுந்து என் பின்னால் வந்து நின்றாள். குனிந்து, மவுஸின்மேல் இருந்த என் கைமேல் தன் கையை வைத்து நகர்த்தினாள்.

கர்சர் நடுங்கியது. பிரச்சினை முதல் தடவையாக எங்கள் பக்கமும் வந்துவிட்டது.